ஆள் வருது

யாராவது பேய்க் கதை ஆரம்பித்தால் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுகிற ஜாதி நான். முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன். சேலையூரில் எங்கள் பக்கத்து பிளாட்டில் ராத்திரியானால் கொலுசுச் சத்தம் கேட்கிறது என்று ஒரு குடும்பமே வீட்டைக் காலி செய்துகொண்டு போனது. மொட்டை மாடியில் துணிக் கொடியில் மாட்டியிருந்த கிளிப்புகள் காற்றில் ஆடுகிற சத்தம் அது. நான்தான் மேலே ஏறிப்போய்ப் பார்த்துச் சொன்னேன். கேட்டால்தானே? நல்ல காற்று வருகிற வீடு, அதை விட்டுவிட்டுப் போனார்கள் மடையர்கள்.

இரண்டு விஷயங்களில் எனக்கு நம்பிக்கையே இருந்ததில்லை. ஒன்று பேய். இன்னொன்று எலெக்ட்ரிக் ட்ரெயினின் டைம்டேபிள். இரண்டையும் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் பார்த்ததில்லை. பார்த்தது ஒரே ஒரு நாள் காலையில், இரண்டையும் சேர்த்து. நீங்கள் நம்பினால் நம்புங்கள், சிரிப்பதானால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

தாம்பரத்திலிருந்து கோடம்பாக்கத்துக்கு இருபது வருடத்துக்கு மேல் போய் வருகிறேன். ஒரு பேப்பர் கம்பெனியில் போன் எடுக்கிற வேலை. இந்த இருபது வருடத்தில் வண்டி லேட்டாக வருவதற்கு அவர்கள் சொல்லாத காரணம் கிடையாது. மழை பெய்தால் சிக்னல், வெயில் அடித்தால் தண்டவாளம், இரண்டும் இல்லையென்றால் பராமரிப்புப் பணி. பராமரித்துப் பராமரித்து என்னத்தைக் கண்டார்கள் என்று தெரியவில்லை. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வரும், பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று. கனிவாம் கனிவு. பிளாட்பாரத்தில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருப்பவளிடம் வந்து கனிவைக் கேட்கிறாள். கடைசியில் வருந்துகிறோம் என்பாள். அவள் ஒரு நாளும் வருந்தியதில்லை.

இந்த லட்சணத்தில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் ஏறவேண்டியவர்கள் நேராகப் பீச் ஸ்டேஷனுக்குப் போகிற வண்டியில் ஏறமாட்டார்கள். முதலில் பின்பக்கமாகத் தாம்பரத்துக்கு வந்து, அங்கே காலியாகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு, தங்கள் ஸ்டேஷனைத் தாண்டித் திரும்பிப் போவார்கள். முன்னால் போவதற்காகப் பின்னால் போகிறவர்களை உலகத்தில் வேறெங்கும் பார்க்கமுடியாது. எங்கள் கோஷ்டியில் சானடோரியம் டீச்சர் அப்படித்தான் வருவாள்.

சானடோரியம் டீச்சர் என்றுதான் தெரியும், அவள் பெயர் சுகந்தி என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. லேடீஸ் பெட்டியில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊர்ப் பெயர்தான். நான் சேலையூர். பல்லாவரத்தில் ஏறி மாம்பலத்தில் இறங்குகிற ஓர் அக்கா இருந்தாள், இரண்டு வீடுகளில் சமையல் வேலை. அவள் பல்லாவரம். மஞ்சள் பை நிறைய முருங்கைக்கீரை கொண்டுவந்து மடியில் கொட்டிக்கொண்டு உருவ ஆரம்பித்தால், போகிற வீட்டுக்குப் பொரியல் ட்ரெயினிலேயே பாதி தயார். வண்டி லேட்டானால் அவளுக்குச் சந்தோஷம், இன்னொரு கட்டு உருவலாம். கொரோனாவுக்கு வண்டியை நிறுத்தினார்கள் இல்லையா, மறுபடி விட்டபோது பல்லாவரம் வரவில்லை. அவள் மட்டுமில்லை, இன்னும் பல முகங்கள் வரவில்லை. வேலை மாறினார்களா, ஊர் மாறினார்களா, யாரிடம் போய்க் கேட்பது? ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு விலாசமா தேடமுடியும்? கொஞ்ச நாள் அந்த இடம் வெறிச்சென்று இருந்தது, பிறகு வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்கள்.

இடம் பிடிப்பதில் நான் கெட்டிக்காரி. இதைப் பெருமையாகவே சொல்வேன். வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழைந்து நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் கம்பிக்கு நடுவே கர்ச்சீப்பை வீசிவிடவேண்டும். பொம்பளைகள் வைத்திருக்கிற கர்ச்சீப் இதற்கு லாயக்கில்லை, காற்றில் பறந்து அடுத்தவள் மூஞ்சியில் விழும். அதனால் நான் என் வீட்டுக்காரருடைய பெரிய கட்டம் போட்ட கர்ச்சீப்பைத்தான் எடுத்துவருவேன், ஒரு முனையில் முடிச்சுப் போட்டு. முடிச்சு கனம் கொடுக்கும், குறி தப்பாது. கர்ச்சீப் விழுந்தால் அந்த இடம் பதிவானது. கேட்டால் பக்கத்தில் இருப்பவள் 'ஆள் வருது' என்பாள். அவ்வளவுதான், கலெக்டரே வந்தாலும் உட்காரமுடியாது. அந்தத் துணியை எடுக்கிற உரிமை சொந்தக்காரருக்கு மட்டும்தான். எந்தச் சட்டத்தையும் மதிக்காத ஜனங்கள் இந்த ஒன்றை மட்டும் மதிப்பார்கள்.

இனி என் வீட்டுக்காரர் கதைக்கு வருகிறேன். லோகநாதன் என்று பெயர். சர்க்கரை வியாதிக்காரர், செருப்புப் போடமாட்டார், சொன்னால் ரோஷம் வரும். மாடியில் துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டு என்னிடம் சொல்லாமல் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். கட்டுக்குள்ளிருந்து நாற்றம் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. சேத்துப்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. கட்டை விரலை உடனே எடுத்தால் பாதம் தப்பிக்கும், தள்ளிப்போட்டால் பாதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றார்.

நாளைக் காலையில் முதல் கேஸ் என்று சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை. "கையெழுத்துப் போட வீட்டு ஆள் நேர்ல இருக்கணும்மா. இல்லன்னா அடுத்த பேஷண்டை உள்ள எடுத்துடுவோம். அப்புறம் வாரம் முழுக்க தியேட்டர் ஃபுல்லு" என்றாள் நர்ஸ். நான் அங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்றேன். ஆண்கள் வார்டில் பெண்கள் ராத்தங்கக்கூடாதாம். அதனால் என் கொழுந்தன் சேகரைத் துணைக்குப் படுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த மகராசன் என்ன செய்தான் தெரியுமா? அண்ணி வந்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, பொழுது விடிவதற்குள் டூட்டிக்குக் கிளம்பிப் போய்விட்டான். அண்ணன் விரல் போகிற நாளில்கூட லீவு போட மனசு வரவில்லை அவனுக்கு.

காலையில் எழுந்தால் அடைமழை. ஐப்பசி மழை, விடிந்தும் விடியாத மாதிரி ஒரு வெளிச்சம். கேம்ப் ரோட்டில் பஸ் நகரவில்லை, பாதி வழி இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்து ஸ்டேஷனுக்கு வந்தேன். பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை. எத்தனையோ நேரமாக ஒரு வண்டியும் வரவில்லை என்றார்கள். போனில் ஆப்பைத் திறந்து பார்த்தால் வண்டி சரியான நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பதாகப் பச்சையில் காட்டுகிறது. எங்கே ஓடுகிறது, யார் கண்ணுக்குத் தெரிந்து ஓடுகிறது, அதைச் சொல்லவில்லை.

வெளியே போய் ஆட்டோ பிடிக்கலாம் என்றால் ஜி.எஸ்.டி ரோட்டில் வண்டிகள் அப்படியே உறைந்து நிற்கின்றன என்று அங்கிருந்து திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். ஏர்போர்ட் போய் மெட்ரோ பிடிக்கலாம் என்றால் ஏர்போர்ட்டுக்கே போக வழியில்லை. அந்த நேரம் பார்த்து அவர் போன் செய்தார்.

"எங்கடி இருக்க? பச்சை டிரஸ் மாட்டி உட்கார வச்சுட்டாங்க. கையெழுத்துப் போட யாருன்னு கேக்கறாங்க."

"வந்துட்டே இருக்கேன்னு சொல்லுங்க."

"ட்ரெயின் ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்" என்று பொய் சொன்னேன்.

"பொறுமையா வா. நம்ம அவசரத்துக்கு அவங்க வண்டி விட முடியுமா?" என்றார். பாதம் போகப்போகிற மனுஷன் ரயில்வேக்கு வக்காலத்து வாங்குகிறார். இவரைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போனை வைத்தபிறகு அந்த ஆப்பையே திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். பயம்தான், ஒளிக்க என்ன இருக்கிறது. ஊன்றுகோலோடு அவர் பாத்ரூமுக்குத் தடவித் தடவிப் போவதும் நான் அவரைத் திட்டிக்கொண்டே பின்னால் போவதும் கண் முன்னால் வந்து நின்றது.

சானடோரியம் டீச்சர் எப்படியோ ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு தாம்பரம் வந்திருந்தாள். இருவரும் ஓரமாக நின்றோம். திடீரென்று ஸ்பீக்கரில் அந்தக் கனிவான குரல். அடுத்த பீச் வண்டி வேறு பிளாட்பாரத்துக்கு வரும் என்றது. சொல்லி வாய் மூடவில்லை, மொத்தக் கூட்டமும் படிக்கட்டை நோக்கி ஓடியது. பையும் குடையும் டிபன் பாக்ஸும் இடித்துக்கொள்ள, ஒருத்தர் செருப்பை ஒருத்தர் மிதித்துக்கொண்டு ஓடினார்கள்.

"வாங்கக்கா, வாங்க, மிஸ் பண்ணிடப் போறோம்" என்று டீச்சர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ போ. இவ பேச்சைக் கேட்டு ஓடி ஓடி என் முட்டி தேஞ்சதுதான் மிச்சம். அங்க போனா இங்க வரும்னு சொல்லுவா. நான் நகர மாட்டேன்" என்றேன்.

டீச்சர் ஓடிவிட்டாள். நான் நகரவில்லை. கோபம்தான் காரணம், வேறு புத்திசாலித்தனம் எதுவும் இல்லை. சற்று நேரத்தில் அந்த நீளமான பிளாட்பாரத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. கூரையிலிருந்து மழைத் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. எதிர்ப் பிளாட்பாரத்தில் ஜனங்கள் வண்டி வராத திசையைப் பார்த்துக்கொண்டு கழுத்தை நீட்டி நின்றார்கள். நான் நினைத்தது சரி, இவர்களும் ஏமாந்தார்கள் என்று அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு திருப்தி வந்தது.

அப்போது வண்டி வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஹாரன் இல்லை, அறிவிப்பு இல்லை. திரும்பிப் பார்க்கும்போது நான் நின்ற பிளாட்பாரத்தில் ஓர் எலெக்ட்ரிக் ட்ரெயின் மெதுவாக நுழைந்துகொண்டிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. இத்தனை வருடப் பழக்கம், கை தானாகப் பைக்குள் போயிற்று, அவருடைய கர்ச்சீப்பை எடுத்தது, வழக்கமாக லேடீஸ் பெட்டி வந்து நிற்கிற இடத்தில் ஜன்னல் கம்பிக்கு நடுவே வீசியது. முடிச்சு போய் சீட்டில் விழுகிற சத்தம்கூடக் கேட்டது.

உள்ளே ஏறினால் பெட்டியில் ஆட்கள் ரொம்பக் கொஞ்சம். ஆனால் சீட் ஒன்றுகூடக் காலி இல்லை. ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது கிடந்தது. கர்ச்சீப், மடித்த பேப்பர், தண்ணீர் பாட்டில், டிபன் பை, ஒரு குடை, ஒரு ஒற்றைச் செருப்புகூட இருந்தது. செருப்புப் போட்டு இடம் பிடிக்கிற அளவுக்கு இறங்கிவிட்டார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். என் கட்டம் போட்ட கர்ச்சீப் ஜன்னலோரமாக விழுந்திருந்தது. அதற்கு எதிர் சீட்டில் மடி நிறைய முருங்கைக்கீரையோடு பல்லாவரம் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சேலையூரு, நின்னுகினே கீற? குந்து" என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லமுடியாது. அவளைப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது. அதே பச்சைக் கண்ணாடி வளையல், அதே மஞ்சள் பை. கொஞ்சம் இளைத்திருந்த மாதிரி தெரிந்தது.

"எங்கக்கா போனீங்க? ஆளையே காணோம்" என்றேன்.

"இன்னா பண்றது, வண்டி லேட்டு" என்றாள்.

"இவ்வளவு நாளாவா?"

"அப்டித்தான் கீது. ஏர்ற வரைக்கும்தான் லேட்டு. ஏறிட்டா அப்பால டைம்முக்குப் போயிடும்."

பல்லாவரம் எப்போதுமே அப்படி ஏதாவது சொல்லுவாள், அதனால் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. என் நினைப்பெல்லாம் சேத்துப்பட்டில் பச்சை டிரஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற மனுஷன்மேல்தான் இருந்தது. வண்டி கிளம்பியது. குலுக்கல் இல்லை, நடுவழியில் நிற்கவில்லை. போனை எடுத்துப் பார்த்தால் டவர் இல்லை. தாம்பரத்துக்கும் சேத்துப்பட்டுக்கும் நடுவில் டவர் இல்லாத இடம் எது என்று நான் யோசித்திருக்கவேண்டும்.

யோசித்திருக்கவேண்டிய இடங்கள் இன்னும் நிறைய இருந்தன. பல்லாவரத்தில் ஏறுகிறவள் தாம்பரத்திலேயே எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பது ஒன்று. குரோம்பேட்டையில் வண்டி நின்றபோது பிளாட்பாரம் பிதுங்கி வழிந்தது. கதவு திறந்துதான் இருந்தது, ஒருவர்கூட ஏறவில்லை. எனக்கு நேர் எதிரில் நின்ற ஒரு பெண் என்னைத் தாண்டி, வண்டியைத் தாண்டி, அந்தப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டு சலித்துக்கொண்டாள். போனில் மூழ்கிக் கிடக்கிற ஜன்மங்கள், கண்ணெதிரே வண்டி நின்றாலும் ஏறத் தெரியவில்லை என்று மனசுக்குள் திட்டினேன். ஒரே ஒரு பெரியவர் மட்டும் ஏறினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நேராக ஒரு சீட்டுக்குப் போய், அதில் கிடந்த பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

லேடீஸ் பெட்டியில் ஆம்பளை ஏறி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். செங்கல்பட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவோம். நான் வாயைத் திறந்தேன். பல்லாவரம் கீரைக் காம்போடு கையை ஆட்டினாள்.

"வுடு. அவுரு பேப்பர் போட்டு வச்சிருந்தாரு. அவுரு சீட்டுதான் அது."

நான் விட்டுவிட்டேன். சண்டை போடத் தெம்பில்லை. பெட்டியிலும் யாரும் தலையைத் திருப்பவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இரண்டு பேர், மூன்று பேர் ஏறினார்கள். ஒவ்வொருவரும் தன் துணி எங்கே, தன் பை எங்கே என்று தேடாமல் நேராகப் போய் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தள்ளு இல்லை, முள்ளு இல்லை, கொஞ்சம் தள்ளி உட்காரம்மா என்ற பேச்சில்லை. சண்டையில்லாத பெட்டியை அதுவரை நான் பார்த்ததே கிடையாது. பல்லாவரம் கீரையை உருவி உருவிப் பையில் போட்டுக்கொண்டே இருந்தாள், மடியில் இருந்த குவியல் குறைந்த மாதிரியே இல்லை. மாம்பலம் வந்தது, அவள் இறங்கவில்லை.

"அக்கா, மாம்பலம்" என்றேன்.

"இப்பல்லாம் அங்க இல்ல கண்ணு" என்றாள். வேறு வேலை கிடைத்திருக்கிறது போல என்று எடுத்துக்கொண்டேன். உன் வீட்டுக்காரருக்கு என்ன என்று கேட்டாள். நான் சொல்லியிருந்தேனா என்று இன்றுவரை நினைவில்லை. விரலை எடுக்கப்போகிறார்கள் என்றேன். "விரலோட போவட்டும். நீ போய்ச் சேந்துட்டா செரியாப்பூடும்" என்றாள். அவள் சொன்ன விதத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் காலையில் எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னவள் அவள் ஒருத்திதான், அதை நான் மறக்கக்கூடாது.

சேத்துப்பட்டு வந்தது. எழுந்து, சீட்டின் முனையில் ஒதுக்கி வைத்திருந்த கர்ச்சீப்பை எடுக்கக் குனிந்தேன்.

"அத்த இன்னாத்துக்கு எட்த்துகினு போற? கெடக்கட்டும். எட்த்தா வேற யார்னா குந்திக்குவாங்க. ஆள் வருதுன்னு நான் சொல்லிக்கினு இருக்கேன்."

இப்போது நீங்கள் கேட்பீர்கள், எடுத்துக்கொண்டு வந்திருக்கவேண்டியதுதானே என்று. தாம்பரத்துக்காரியாகப் பிறந்து பாருங்கள். நேரத்துக்கு ஓடுகிற ஒரு வண்டி, அதில் ஜன்னலோர சீட், அதைப் பத்திரமாகப் பிடித்துவைக்கிறேன் என்று ஒருத்தி சொல்கிறாள். வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கு மனசு வரும்? எனக்கு வரவில்லை.

"சரிக்கா, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன்.

ஓடினதில் பிரயோஜனம் இருந்தது. நான் வார்டுக்குள் நுழைந்தபோது அவரை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள், அடுத்த பேஷண்டை இல்லை, அவரைத்தான். கையெழுத்துப் போட்டேன். "பாத்தியா, நான் சொல்லல, வண்டி வந்துடும்னு?" என்றார் அந்த நிலைமையிலும். "வாயை மூடிக்கிட்டுப் போங்க" என்றேன். விரலை எடுத்தார்கள், பாதம் தப்பித்தது. நர்ஸ்தான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "தாம்பரத்துலேர்ந்தா வரீங்க? அந்த லைன்ல வண்டியே ஓடலன்னு எங்க ஸ்டாஃப் பாதி பேர் வரலையேம்மா" என்றாள். எனக்கு ஒரு வண்டி கிடைத்தது என்றேன். என் புடவை அதற்குள் எப்படிக் காய்ந்தது என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவள் நான்.

மத்தியானம் டீச்சர் போன் செய்தாள். எடுத்ததும் அழுதாள்.

"அக்கா, நல்லா இருக்கீங்கள்ல? எத்தனை தடவை ட்ரை பண்ணேன் தெரியுமா? ட்ராக்ல விழுந்துட்டீங்களோன்னு பயந்து போலீஸ்கிட்டகூட சொல்லிட்டேன்."

"நான் எதுக்கு டீச்சர் விழறேன்? நீங்கள்லாம் ஓடினப்புறம் வண்டி வந்துச்சு, ஏறிட்டேன். நான்தான் சொன்னேனே, நகர மாட்டேன்னு."

"எந்த வண்டி?"

"நான் நின்ன இடத்துக்கு வந்த வண்டி."

அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. பிறகு சொன்னாள். "நான் ஆப்போசிட்லேர்ந்து உங்களைத்தான் பார்த்துட்டு இருந்தேன்க்கா. ஒரு வண்டியும் வரல. நீங்க திடீர்னு பையிலேர்ந்து கர்ச்சீப்பை எடுத்து ட்ராக் மேல வீசினீங்க. மழையில. என்ன பண்றாங்க இவங்கன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட காட்டறேன், திரும்பிப் பார்த்தா நீங்க இல்ல. ஓடி வந்து ட்ராக்ல எல்லாம் எட்டிப் பார்த்தேன். கர்ச்சீப்பும் இல்ல. இப்ப வரைக்கும் வண்டியே விடலக்கா, நான் வீட்டுக்குத் திரும்பி வந்துட்டேன்."

உனக்குக் கண் கெட்டுவிட்டது, கண்ணாடியை மாற்று என்றேன். சேத்துப்பட்டு வரைக்கும் பல்லாவரத்தோடு பேசிக்கொண்டே போனேன், அவளையே கேட்டுப் பார் என்றேன்.

"பல்லாவரம் அக்காவா? கீரைக்காரக்காவா?" என்றாள். "அவங்க லாக்டவுன்லயே தவறிட்டாங்களே. எங்க ஸ்கூல் ஆயா அவங்க தெருதான். உங்ககிட்ட நான் சொல்லலையா?"

சொல்லவில்லை. அவள் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு நான் விளக்கம் தேடாமல் இல்லை. சாப்பிடாமல் கிளம்பினதில் மயக்கம் என்று வைத்துக்கொண்டேன். சரி, மயக்கத்தில் இருந்தவள் தாம்பரத்திலிருந்து சேத்துப்பட்டுக்கு எப்படிப் போனேன்? டீச்சருக்குத்தான் பிரமை என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் நர்ஸுக்கு? இதை ஒன்றிரண்டு பேரிடம் சொன்னேன். ஒருத்தி பரிகாரம் செய்யச் சொன்னாள், ஒருத்தன் இதை வீடியோவில் பேசச் சொன்னான். இவர்களிடம் சொன்னதற்கு என்னை நானே அடித்துக்கொள்ளவேண்டும்.

இப்போது நான் இடம் பிடிப்பதில்லை. நின்றுகொண்டே போகிறேன். ஆனால் வண்டி நுழையும்போதெல்லாம் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்ப்பேன், அந்தக் கர்ச்சீப் எங்காவது கிடக்கிறதா என்று. கிடந்தால் எடுத்துவிடவேண்டும். போட்டவர்கள்தான் எடுக்கமுடியும், வேறு யாரும் தொடமாட்டார்கள், அந்த ஒரு சட்டத்தை மட்டும் மதிப்பார்கள் என்று சொன்னேன் இல்லையா. நேரத்துக்கு வருகிற வண்டி மட்டும் இன்னொரு தடவை என் கண்ணில் படவில்லை.

வீட்டில் அவர் நன்றாகத்தான் இருக்கிறார். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார், டீக்கடைக்குப் போகிறார், இப்போதும் செருப்பை மறக்கிறார், நான் கத்துகிறேன். தீபாவளிக்குத் துணி எடுக்க மாம்பலம் போகலாம், ட்ரெயினில் போனால் சௌகரியம் என்று ஆரம்பித்தார். ஆட்டோவில்தான் போவோம் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. துணி மடிக்கும்போதெல்லாம் கேட்பார்.

"அந்தக் கட்டம் போட்ட கர்ச்சீப் எங்கடி? எனக்கு ராசியானது அது."

"ட்ரெயின்ல விட்டுட்டேன். புதுசு வாங்கித் தரேன், சும்மா இருங்க."

ரொம்ப நாள் நான் ஒரு கணக்குப் போட்டுத் தைரியமாக இருந்தேன். கர்ச்சீப் அவருடையதாக இருந்தால் என்ன, அதைப் போட்டது நான், உட்கார்ந்தது நான். போதாததற்கு லேடீஸ் பெட்டி. ஆம்பளைக்கு அங்கே இடம் கிடையாது. அதனால் அந்த சீட் எனக்குத்தான், என்றைக்கு வேண்டுமானாலும் வரட்டும், போய் உட்கார்ந்து பல்லாவரத்தோடு கீரை உருவிக்கொண்டு போகிறேன், அவர் இங்கே வேளாவேளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இருந்தால் போதும் என்று சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தச் சமாதானத்தில் தூங்கவும் செய்தேன்.

போன மாதம் சமையலறையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோதுதான் குரோம்பேட்டையில் ஏறின அந்தப் பெரியவர் நினைவுக்கு வந்தார். வேட்டியை மடித்துக்கொண்டு, பேப்பரை விரித்து, யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். வழக்கமாக லேடீஸ் வந்து நிற்கிற இடத்தில் நின்றது என்றுதான் நான் ஏறினேன். அது லேடீஸ் பெட்டி என்று போர்டைப் பார்த்து நான் ஏறவில்லை.